ஆண்டவர் பெயரில் நான் சொன்ன ஒரு வார்த்தை

உங்களில் இரண்டு பேர் போன மாதக் கூட்டத்தில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். நோயாளியின் பக்கத்தில் நின்று ஜெபிக்கும்போது மனதில் ஒன்று பலமாகத் தோன்றுகிறது. அது ஆண்டவர் தந்ததா, நம்முடைய நினைப்பா என்று எப்படிக் கண்டுகொள்வது? நேரமாகிவிட்டது, பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன். உண்மையில் நேரம் இருந்தது. பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். அத்தனை பேர் முன்னால் நின்று அதைச் சொல்ல எனக்கு அன்று தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, ஐம்பதாவது வயதில்தான் காரைக்குடிப் பக்கத்திலிருந்த ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் சாப்ளினாகச் சேர்ந்தேன். படுக்கை படுக்கையாகப் போய் நலம் விசாரிப்பது, கேட்டுக்கொண்டால் ஜெபிப்பது, அழுகிறவர்களோடு உட்கார்ந்திருப்பது. இனி உங்கள் வேலையும் அதுதான். வார்டில் எல்லாரும் என்னைப் பழையபடி டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அங்கே வந்து படுத்தவர்களில் கிறிஸ்தவர்கள் குறைவு. ஆனாலும் ஜெபம் வேண்டாம் என்று சொன்னவர்கள் மிகச் சிலர்தான்.

அந்த வார்டுக்குப் பொறுப்பாக ஒரு நர்ஸ் இருந்தார். சிஸ்டர் என்றே சொல்கிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனால் இந்த வேலையில் எனக்குத் தெரிந்த நல்லவற்றில் பாதிக்கு மேல் அவரிடம் பார்த்துக் கற்றதுதான்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மத்தியானம், சிஸ்டரும் நானும் சாப்பிட கேண்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் அவர் நின்றார். "நீங்க போங்க டீச்சர், நான் இந்தா வாரேன்" என்று திரும்பிவிட்டார். அன்று காலையில் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து கொண்டுவந்திருந்த ஒரு பெண்ணின் படுக்கைக்கு நேராகப் போய் விரிப்பை விலக்கிப் பார்த்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே விரிப்பு முழுக்க ரத்தம். அந்தப் பெண் அசந்து தூங்குவதாகத்தான் பக்கத்தில் இருந்த தாயார் நினைத்துக்கொண்டிருந்தார். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் கையை மீறியிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

மறுநாள் காலை ஜெபக் கூட்டத்தில் நான் எழுந்து, ஆண்டவர் நம் சிஸ்டரோடு பேசி ஓர் உயிரைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் நன்றி சொல்லி ஜெபித்தார்கள். கூட்டம் முடிந்ததும் சிஸ்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"அப்படிச் சொல்லாதீக டீச்சர். எனக்குத் தோணுச்சு, போய்ப் பாத்தேன். அவ்வளவுதான்."

"ஆண்டவர்தான உணர்த்தினாரு?"

"இருக்கலாம். ஆனா எனக்கு இந்த மாதிரி வாரத்துல பத்துத் தடவ தோணும். எட்டுத் தடவ போய்ப் பாத்தா ஒண்ணுமே இருக்காது. அந்த எட்டையும் யாரு சொன்னதுன்னு நீங்க கூட்டத்துல சொல்லுவீகளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. தோன்றினால் அவர் போவார். போய்ப் பார்த்த பிறகுதான் பேசுவார். தன் மனதில் எழுவதை அவர் ஒருநாளும் அசட்டை செய்ததில்லை. அதற்கு ஆண்டவர் பெயரையும் வைத்ததில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதே எனக்கு அப்போது புதிதாக இருந்தது. புதிதாக இருந்ததே தவிர, நான் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் காதர் பாய் வந்து சேர்ந்தார். திருப்பத்தூர்ச் சந்தைப் பக்கம் கயிறும் சல்லடையும் விற்கிற கடை வைத்திருந்தவர். எழுபதைத் தாண்டியவர். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, ஒரு திங்கட்கிழமை அவரை அழைத்து வந்தார்கள். கூட வந்தது மகள் மும்தாஜ். மனைவி எப்போதோ இறந்துவிட்டார். மகன் ஜாகிர் சவூதியில் இருந்தான். அங்கே ஒரு புதிய வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

நான் அருகில் போய், உங்களுக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டேன். காதர் பாய் ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, "உங்க பாஷையில கேளுங்க டீச்சர். கேக்குறவன் ஒருத்தன்தான" என்றார். அன்றே எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்துப்போனது தவறில்லை. ஆனால் அது பின்னால் வேலை செய்தது.

செவ்வாய்க்கிழமை அவருக்குச் சிறுநீரகமும் தளரத் தொடங்கியது. புதன்கிழமை காலையில் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருந்தார். இரண்டு இடியாப்பம் சாப்பிட்டார். மகனோடு வீடியோவில் பேசிக் கையசைத்தார். பத்து மணிக்குச் சுற்றி வந்த பெரிய டாக்டர் மும்தாஜை வெளியே கூப்பிட்டு, "வர வேண்டியவங்க யாரும் இருந்தா வரச் சொல்லிருங்கம்மா" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்க வேண்டியதும் இல்லை.

மும்தாஜ் நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சர், டாக்டர் இப்படிச் சொல்றாக. அத்தா இன்னைக்குத்தான் நல்லாப் பேசுறாக. அண்ணன் இப்பக் கிளம்பி வந்தா அந்த வேலை போயிரும். வரச் சொல்லவா, வேணாமா?"

"கொஞ்சம் இரும்மா, ஜெபிச்சுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நான் ஜெப அறைக்குப் போனேன்.

உள்ளே நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். முழங்காலில் இருந்தேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. 'இவர் எழுந்து வீட்டுக்குப் போவார்' என்று ஒரு வாக்கியம் மனதில் வந்தது. மிகத் தெளிவாக வந்தது. என் குரல் போலவே இல்லை. கூடவே ஒரு நிம்மதி. நெஞ்சிலிருந்து கல்லை எடுத்தாற்போல இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. இத்தனை தெளிவும் இத்தனை நிம்மதியும் வந்தால் ஆண்டவர் சொன்னதுதானே என்று நினைத்தேன். எழுந்து வெளியே வந்தேன்.

"பயப்படாத மும்தாஜ். அத்தா பிழைச்சுருவாக. ஆண்டவர் எனக்கு உணர்த்திட்டாரு."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் செய்தாள். "இப்ப வர வேணாண்ணே. நல்லா இருக்காக. அடுத்த மாசம் வந்தாப் போதும்." நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் காதர் பாய் இறந்துவிட்டார்.

பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மும்தாஜிடம், "மகன் வரலையாம்மா?" என்று கேட்டார். நான் நாலடி தள்ளி நின்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு டாக்டரைப் பார்த்து, "நான்தான் வரச் சொல்லலை சார்" என்றாள். இந்த டீச்சர் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தகப்பன் இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய மனது எங்கிருந்து வந்தது என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு.

அன்று சாயங்காலமே அடக்கம் முடிந்துவிட்டது. ஜாகிர் அடுத்த நாள் மத்தியானம்தான் வந்து இறங்கினான் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த ஒரு வாரம் நான் வேலைக்கு வந்தேன், போனேன். காதர் பாய் படுத்திருந்த படுக்கைப் பக்கம் மட்டும் போகவில்லை. திருப்பத்தூருக்குப் போய் அந்த வீட்டாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், ஜெபிக்கும்போதெல்லாம் வேறொன்று வந்தது. துக்க வீட்டில் போய் உன் கதையைச் சொல்லி அவர்களை நோகடிக்காதே, நான் உன்னை மன்னித்துவிட்டேன், அமைதியாய் இரு. இதுவும் தெளிவாகத்தான் வந்தது. இதிலும் நிம்மதி இருந்தது.

ஒரு நாள் காலை சிஸ்டர் மருந்துச் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்தது முழுவதையும் சொன்னேன். "போக வேணாம்னு ஆண்டவர் உணர்த்துறாரு சிஸ்டர்" என்று முடித்தேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீக. அன்னைக்கு ஜெப அறையில வந்ததும் இதே மாதிரிதான் வந்துச்சா?"

"ஆமா."

"அன்னைக்கு அந்த வார்த்தை வந்ததும் உங்களுக்கு என்ன வேலை குறைஞ்சுச்சு?"

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார்.

"டாக்டர் சொன்ன மாதிரி அண்ணனை வரச் சொல்லும்மான்னு நீங்க சொல்லியிருந்தா, அந்தப் பிள்ள அங்கேயே உக்காந்து அழுதிருக்கும். நீங்க அது கூட உக்காந்திருக்கணும். ரெண்டு நாளும் உக்காந்திருக்கணும். அந்த வார்த்தை வந்ததும் அது தேவையில்லாமப் போச்சுல்ல. இப்ப இந்த வார்த்தை வந்ததும் திருப்பத்தூர் பஸ் ஏற வேண்டிய வேலை இல்லாமப் போகுது."

சிஸ்டர் சீட்டுகளை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"ஆண்டவர் பேசமாட்டாருன்னு நான் சொல்லலை. நிம்மதி தரமாட்டாருன்னும் சொல்லலை. ஆனா ரெண்டு தடவையும் நமக்குச் சுளுவான வழியையே காட்டுனா, ஒரு தடவையாவது நின்னு கேக்கணும்ல, பேசுறது யாருன்னு."

சொல்லிவிட்டு மறுபடியும் சீட்டுகளை எடுத்துக்கொண்டார். என்னைக் கண்டிக்கவுமில்லை, தேற்றவுமில்லை. அன்று மத்தியானம் நான் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் எனக்கு நிம்மதி இல்லை.

காதர் பாயின் வீடு சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன மாடி வீடு. மும்தாஜ் கதவைத் திறந்து, "வாங்க டீச்சர், உள்ள வாங்க" என்று கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஜாகிர் எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான். தாடி வளர்ந்து, தூக்கம் இல்லாத கண்கள். மும்தாஜ் அவனிடம், "இவுகதாண்ணே அத்தாவுக்கு துஆ கேட்ட டீச்சர்" என்றாள். தகப்பனுக்காக ஜெபித்தவள் என்று மட்டும்தான் சொன்னாள். அவன் எழுந்து நின்று மரியாதையாகத் தலையசைத்தான். அவனுக்கு எதுவும் தெரியாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் அண்ணனிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. பழியை முழுக்கத் தானே சுமந்துகொண்டிருந்தாள்.

உட்கார்ந்து ஆறுதல் சொல்லிவிட்டு அப்படியே திரும்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"தம்பி, உங்களை வர வேணாம்னு மும்தாஜ் சொன்னது என்னாலதான்" என்று தொடங்கினேன். "டாக்டர் வரச் சொல்லத்தான் சொன்னாரு. அத்தா பிழைச்சுருவாகன்னு ஆண்டவர் உணர்த்தினதா நான் சொன்னேன். அது ஆண்டவர் சொன்னதில்ல. என் ஆசை. அவுகளை எனக்குப் பிடிச்சிருந்துச்சு, மும்தாஜ் அழுகுறதப் பாக்க எனக்குத் தாங்கலை. என் ஆசைக்கு ஆண்டவர் பேரை வச்சுட்டேன்."

மும்தாஜ்தான் முதலில் வாய் திறந்தாள்.

"எனக்கும் அந்த வார்த்தைதான் வேணும்னு இருந்துச்சு டீச்சர். டாக்டர் சொன்னது பிடிக்காமத்தான உங்ககிட்ட வந்தேன். நீங்க வேற மாதிரி சொல்லியிருந்தா இன்னொருத்தரைத் தேடிப் போயிருப்பேன்."

ஜாகிர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். குரலை உயர்த்தவில்லை.

"மூணு பிடி மண்ணு போட வேண்டியவன் நான். சித்தப்பா மகன் போட்டிருக்கான்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

"கடைசியா நீங்க பக்கத்துல இருந்தீகளா?"

"இருந்தேன். மும்தாஜ் மருந்து வாங்கப் போயிருந்துச்சு. நான்தான் இருந்தேன்."

"அத்தா ஏதும் சொன்னாகளா?"

பிள்ளைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அவன் கேட்ட அந்த நொடியில் எனக்குள் ஒரு வாக்கியம் முழுதாக வந்து நின்றது. 'ஜாகிர் வந்தா அழ வேணாம்னு சொல்லுங்கன்னு சொன்னாக.' எவ்வளவு அன்பான வாக்கியம். ஜெப அறையில் வந்தது போலவே தெளிவாக, அதே நிம்மதியோடு வந்தது. அந்தப் பையனுக்கு ஆறுதல் கொடுக்க ஆண்டவரே தருகிறார் என்று தோன்றியது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காதர் பாய் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும்தான் அதில் குறை.

சிஸ்டர் கேட்டதை அங்கே நான் எனக்கே கேட்டுக்கொண்டேன். இந்த வார்த்தையால் எனக்கு என்ன வேலை குறைகிறது? அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் வேலை குறைகிறது.

"உங்க பேரைச் சொல்லலை தம்பி" என்றேன். "மருந்து வண்டியைத் தள்ளிக்கிட்டு நர்ஸ் அங்குட்டுப் போனாங்க. சக்கரம் கீச்சு கீச்சுன்னு சத்தம் போட்டுச்சு. முகமூடியை நகர்த்திக்கிட்டு, 'அந்த வண்டிக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்க டீச்சர்'னாக. அதுக்கப்புறம் பேசலை."

ஜாகிர் என்னையே பார்த்தான். அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான், சிரித்துக்கொண்டே அழுதான்.

"என் நிக்காஹ் அன்னைக்கு" என்றான். மும்தாஜ்தான் தொடர்ந்தாள்.

"மண்டபத்துக் கதவு சத்தம் போடுதுன்னு, எண்ணெய் வாங்கியாரச் சொல்லி விட்டுட்டுத்தான் டீச்சர் அத்தா வந்து உக்காந்தாக. நிக்காஹ் ஓத வந்த அஜ்ரத்து காத்துக்கிட்டு இருக்காக. மாப்பிள்ளை காத்துக்கிட்டு இருக்காக."

"என் சைக்கிளு, பள்ளிவாசல் கேட்டு, யாரு வீட்டுத் தையல் மிஷினா இருந்தாலும்" என்றான் ஜாகிர். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கடைசி வரைக்கும் எங்கத்தாவாத்தான் இருந்திருக்காக."

அவன் தங்கச்சியும் அவனும் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தகப்பனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர் இறந்த பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து அப்படிப் பேசுவது அதுதான் முதல் தடவை என்று பிறகு மும்தாஜ் சொன்னாள். நான் தயாரித்து வைத்திருந்த அந்த அழகான வாக்கியத்தைக் கொடுத்திருந்தால் அவன் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டிருப்பான். ஆனால் அதில் அவன் தகப்பன் இருந்திருக்கமாட்டார்.

கிளம்பும்போது ஜாகிர் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தான். மன்னித்தேன் என்று அப்போதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காரைக்குடி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, "பாத்துப் போங்க டீச்சர்" என்றான். பஸ் நகரும்வரை கீழே நின்றான். பத்து நாளில் அவன் சவூதிக்குத் திரும்பினான். அந்த வேலையில் அவனை வைத்துக்கொண்டார்கள் என்று மும்தாஜ் போனில் சொன்னாள்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் அந்த வேலையில் இருந்தேன். மனதில் வார்த்தைகள் வருவது நிற்கவில்லை. உங்களுக்கும் வரும். அவற்றில் சில ஆண்டவர் தந்தவைதான் என்று இன்றும் நம்புகிறேன். எது எது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. தோன்றியபோது எழுந்து போயிருக்கிறேன். போய், உட்கார்ந்து, கேட்டிருக்கிறேன். ஆண்டவர் சொன்னார் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் அது நான் பெயர் வைக்காமலே தன் வேலையைச் செய்துகொள்ளும்.

திருப்பத்தூரிலிருந்து வந்த மறுநாள் காலை, காதர் பாய் இருந்த அதே படுக்கையில் வேறு ஒருவர் படுத்திருந்தார். அமராவதிபுதூர்க்காரர், மேஸ்திரி வேலை. சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடி. மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள், முப்பது வயதிருக்கும். நான் யார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், நீங்க கும்பிட்டா சாமி உங்ககிட்டச் சொல்லுமாம்ல. எங்க வீட்டுக்காரவுக பிழைச்சுருவாகளா?"

அதுவரை எத்தனையோ பேர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொன்னால் இவர்கள் கையை உதறிவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நான் எப்போதும் நினைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையை விடவில்லை. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.